பொங்கலுக்கு அணையை மூடச் சொன்னேன்

தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் பாயும் என்று கல்லூரியில் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். எனக்கும் சொன்னார்கள். அதை நம்பித்தான் நம் துறையில் சேர்ந்தேன். பணியின் கடைசிப் பகுதியில் தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டில் என்னை உதவி செயற்பொறியாளராகப் போட்டார்கள். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வருகிற தண்ணீரை வழியில் எத்தனை பேர் கையைப் பிடித்து இழுத்து, உட்காரவைத்து, ஒரு வாய் கொடுத்துவிட்டுப் போ என்கிறார்கள் என்பது அங்கே உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. எங்கள் வாசலுக்கு வந்து சேரும்போது அது, எல்லாச் சொந்தக்காரர் வீட்டுக்கும் பத்திரிகை வைத்துவிட்டுக் கடைசியாக வருகிற கல்யாண வீட்டுக்காரர் மாதிரி, வெறும் பையோடு நிற்கும்.

ஓய்வுபெற்ற பொறியாளர்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை காலையில் நடக்கப் போய், எந்தக் கால்வாயைப் பார்த்தாலும் நின்று குறை சொல்லும். இன்னொரு வகை கட்டுரை எழுதும். எனக்கு முழங்கால் வலி.

போன மாதம் புதுப் பொறியாளர்களான உங்கள் பயிற்சி வகுப்பில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தீர்கள். மதிய உணவுக்குப் பிறகான வகுப்பு. பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் கலையில் நம் துறையின் மூத்தவர்களை அதற்குள் எட்டிவிட்டிருந்தீர்கள். வருத்தமில்லை. அன்று சொல்ல விட்டுப்போனதை இங்கே எழுதுகிறேன். ஒரே ஒரு பொங்கல் விடுமுறையில் நடந்த விஷயம்தான்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மேற்கே மலையில் ஒரு பழைய அணை இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் மின்சாரத்துக்காகக் கட்டியது. அதில் தேங்குகிற தண்ணீர் குழாய் வழியாக இறங்கி, மின்நிலையத்தில் மெஷினைச் சுழற்றிவிட்டு, ஆற்றில் விழுந்து நம்மிடம் வரும். மெஷின் ஓடினால் ஆறு ஓடும். மெஷின் நின்றால் ஆறு நிற்கும். அணையின் சாவி மின்சாரக்காரர்களிடம், ஆற்றின் பழி நம்மிடம். வரும் வழியில் வரிசையாக அணைக்கட்டுகள், ஒவ்வொன்றிலிருந்தும் கால்வாய்கள், கால்வாய்க்குக் கால்வாய் வாழையும் நெல்லும். எல்லாம் தாண்டி மிச்சம் இருந்தால் கடைசி அணைக்கட்டில் நான் இருந்தேன். எனக்குக் கீழே கடல்தான்.

கடலுக்கும் எனக்கும் நடுவே கொற்கைக் குளம் இருந்தது. பாண்டியர் காலத்தில் முத்துக் குளித்த துறைமுகம் கொற்கை. பிறகு கடல் மனம் மாறிக் கிழக்கே போய்விட்டது. கப்பல் நின்ற ஊரில் இப்போது நெல் நிற்கிறது. அந்த வருடம் அந்த நெல்லுக்குத்தான் ஆபத்து. வடகிழக்குப் பருவமழை வந்தேன் என்று பேர் பண்ணிவிட்டுப் போய்விட்டது. குளத்தில் அடிச்சேறு வெடிக்க ஆரம்பித்திருந்தது. பிசானம் என்கிற மழைக்கால நெல் கதிர் வாங்கிப் பால் பிடிக்கிற நேரம். அந்த நேரத்தில் வயல் நன்றாக ஒரு முறை நனைந்தால் நெல், நனையாவிட்டால் பதர். இடையில் மூன்றாவது பதில் கிடையாது.

கொற்கைக் குளத்து விவசாயிகள் சங்கத்துக்கு ஒரு தலைவர் இருந்தார். ஆனால் பேசுவதெல்லாம் அவர் மனைவி சுடலைவடிவு. ஊரில் எல்லோருக்கும் வடிவக்கா. தலைவர் பின்னால் நின்று, எங்கே தலையாட்ட வேண்டுமோ அங்கே சரியாக ஆட்டுவார். மார்கழிக் கடைசியில் இருவரும் என் அலுவலகத்துக்கு வந்தார்கள்.

"ஒங்க கால்வாயில தண்ணி வருதுன்னு சொன்னாவ. அதான் பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்," என்றார் வடிவக்கா.

"வருதே அக்கா. கொஞ்சமா வருது."

"அத வருதுன்னா சொல்லுதீய? எங்க வீட்டு மாடு மோண்டா இதவிடக் கூட வரும்."

தலைவர் தலையாட்டினார். எனக்கும் ஆட்டத்தான் தோன்றியது. உத்தியோகம் தடுத்தது.

அக்கா சொன்னது உண்மை. அணையில் இருந்த கொஞ்சத் தண்ணீரைச் சிக்கனமாக, ஒரே ஒரு மெஷினை ஓட்டி, தினமும் துளித்துளியாக விட்டுக்கொண்டிருந்தார்கள். காகிதத்தில் அது கடைமடைக்கான தண்ணீர். ஆற்று மணல் தன் பங்கைக் குடித்தது. வழியில் இருந்த வாழைக்காரர்கள் மோட்டார் வைத்துத் தங்கள் பங்கைக் குடித்தார்கள். மேல் கால்வாய்கள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, யாரும் எதுவும் எடுக்கவில்லை என்று சொல்லின. நம் அலுவலகத்து வழக்கம் உங்களுக்கே இப்போது பழகியிருக்கும்: தண்ணீர் வரவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் விடச் சொல்லிக் கேட்போம். அவர்கள் இன்னும் கொஞ்சம் விடுவார்கள். அந்த இன்னும் கொஞ்சத்தையும் வழியில் இன்னும் கொஞ்சம் பேர் குடிப்பார்கள். நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்; மிகுந்த ஊக்கத்தோடு.

தினமும் காலையில் மின்நிலையப் பொறியாளருக்கு போன் செய்வேன். அவரை அப்போது நான் நேரில் பார்த்ததே இல்லை. குரலை வைத்து ஒடிசலான மனிதர் என்று முடிவுகட்டியிருந்தேன். பிற்பாடு ஒரு கல்யாண வீட்டில் அறிமுகம் ஆனபோது, அவரே ஒரு ஜெனரேட்டர் அளவுக்கு இருந்தார். போகட்டும். போகிக்கு முந்தின நாள் அவரே என்னைக் கூப்பிட்டார்.

"சார், நாளையிலருந்து மெஷின நிறுத்தச் சொல்லிட்டாவ. பொங்கல் லீவு. மில்லு, கம்பெனி எல்லாம் மூடிருவாவ. கரண்ட் யாருக்கும் வேண்டாம்."

"கீழ பயிர் காயுது சார்."

"எனக்குத் தெரியாதா. நானும் வெவசாயி வீட்டுப் பிள்ளதான். மெஷின் சுத்தாம, பக்கத்து வால்வு வழியா ஒங்களுக்கு இதே அளவு விட்டுக்கிட்டு இருக்கேன். நீங்க எழுதிக் கேளுங்க, போதும்."

நல்ல மனிதர். வேறு ஒருவராக இருந்தால் நிறுத்திவிட்டு, தை பிறந்த பிறகு சொல்லியிருப்பார். நானும் எழுதிக் கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். எடுத்துக்கொண்டே பேச்சுக்குக் கேட்டேன்.

"அணையில எவ்வளவு கெடக்கு சார்?"

"இப்படிச் சொட்டுச் சொட்டா விட்டா ஒரு மாசம் ஓட்டலாம். அப்புறம் மட்டம் கீழ போயிரும். எனக்கும் மெஷின் ஓடாது, ஒங்களுக்கும் ஒண்ணுங் கெடையாது."

"மொத்தமா விட்டா?"

"மொத்தமான்னா?"

"எல்லா மெஷினையும் ஒண்ணா ஓட்டுனா."

"நாலஞ்சு நாள் வரும். ஆறு நெறஞ்சி போவும். ஆனா கரண்ட் வாங்க ஆள் வேணும்லா. லீவு முடிஞ்சி மில்லு தொறக்குற அன்னைக்கு எங்கிட்ட ஓட்டு ஓட்டுன்னு உசுர வாங்குவாவ. அன்னைக்குன்னா ஓட்டலாம்."

இந்த இடத்தில் எனக்கு ஞானம் பிறந்தது என்று எழுத ஆசைதான். பிறந்தது பயம். ஏனென்றால் மூளை ஒரு கணக்கைப் போட்டு முடித்துவிட்டது, வாய் அதைச் சொல்ல மறுத்தது. மேலே உள்ள கால்வாய்களுக்குத் தண்ணீர் முதலில் வரும். அதனால் அவர்கள் முதலில் நடுவார்கள். அதனால் முதலில் அறுப்பார்கள். பொங்கல் சமயத்தில் மேல்மடை வயல் அறுப்புக்கு மஞ்சளாக நிற்கும். அதில் தண்ணீர் ஏறினால் கதிர் சாய்ந்து முளைத்துவிடும். ஆற்றில் கொஞ்சமாகத் தண்ணீர் வந்தால் வாழைக்கு ஆகட்டும் என்று அவர்கள் கதவைத் திறந்து வைப்பார்கள். திமுதிமுவென்று வந்தால் நெல்லைக் காப்பாற்ற அவர்களே ஓடிப்போய்க் கதவை அடைப்பார்கள். கொஞ்சம் வந்தால் எல்லோருக்கும் வேண்டும்; மொத்தமாக வந்தால் யாருக்கும் வேண்டாம். கடைமடைக்காரன் பிழைப்பு அந்த இரண்டாவதில் இருந்தது.

"அப்ப இப்ப மூடிருங்க சார்," என்றேன்.

"எதை?"

"எல்லாத்தையும். வால்வையும். லீவு முடியுற வரைக்கும் ஒரு சொட்டு விடாதீங்க."

"நல்லா இருக்கீங்களா சார்?" என்று கேட்டார்.

என் வேலை அணையைத் திறக்கச் சொல்லிக் கேட்பது. அதற்குத்தான் சம்பளம். நெல் காயும்போது அணையை மூடச் சொல்லிக் கேட்ட கடைமடைப் பொறியாளர் எனக்கு முன்னால் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. இது தவறிப்போனால் மிச்சமிருந்த கொஞ்சத் துளியையும் நிறுத்தியவன் என்று என் பெயர் சொல்லி மூன்று தலைமுறை திட்டும். ஆகவே எந்தப் பொறுப்பான அரசு ஊழியரும் செய்வதைச் செய்தேன். மேலதிகாரியிடம் போனேன்.

எங்கள் செயற்பொறியாளர் என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் இளையவர். மதுரைப் பக்கத்துப் பெண். நேரடித் தேர்வில் வந்தவர். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர்களில் கடைசியாக வந்தவரும் வயதில் சின்னவரும் அவர்தான். சேர்ந்த புதிதில் இந்தப் பிள்ளைக்கு ஆற்றைப் பற்றி என்ன தெரியும் என்று நான் நினைத்ததை அவர் அறிந்திருப்பார் என்றே நினைக்கிறேன். அதை அவர் என்மீது ஒருநாளும் பயன்படுத்தவில்லை. யார் எந்த யோசனையோடு போனாலும் நன்று என்றோ மோசம் என்றோ சொல்ல மாட்டார். ஒரு கேள்வி கேட்பார். எனக்கும் அதுவே கிடைத்தது.

"சரி சார். இது தப்பாப் போனா மொதல்ல யாருக்குத் தெரியும்?"

"கொற்கை விவசாயிக்கு மேடம்."

"இல்ல. தூத்துக்குடியில குழாயத் திறக்கிறவங்களுக்கு."

ஊருக்கே குடிதண்ணீர் எங்கள் அணைக்கட்டில் தேங்குகிற தண்ணீரிலிருந்துதான் போகிறது. ஆறு நின்றால் அதுவும் நிற்கும். நெல்லை நினைத்தேன், மெஷினை நினைத்தேன், மேல்மடைக்காரன் மனசைக்கூட நினைத்தேன். தூத்துக்குடியில் என் வீட்டுக் குழாயில் வருகிற அந்தத் தண்ணீரில்தான் அன்று காலை பல் விளக்கிவிட்டு வந்திருந்தேன். அதை நினைக்கவில்லை.

யோசனை செத்தது என்று எழுந்தேன். அவர் உட்காரச் சொன்னார். அணைக்கட்டில் அப்போது தேங்கியிருந்த தண்ணீர் குடிப்பதற்கு மட்டும் என்றால் விடுமுறை முடியும்வரை தாங்குமா என்று கேட்டார். தாங்கும், ஆனால் அணைக்கட்டிலிருந்து பிரிகிற இரண்டு கால்வாய்களையும் சுத்தமாக அடைக்க வேண்டும்.

"அப்ப அதையும் அடைச்சிருங்க. கையெழுத்து என்னோடது. விவசாயிங்ககிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

"நான் சொல்லுதேன் மேடம்."

"அடைக்கிறதுக்கு முன்னாடி சொல்லிருங்க. முன்னாடி சொன்னா அது திட்டம். அப்புறமா சொன்னா அது சாக்கு."

நீங்கள் இந்தக் கட்டுரையில் வேறு எதையும் நினைவில் வைக்காவிட்டாலும் அதை வைத்துக்கொள்ளுங்கள். முப்பது வருடத்தில் நான் எழுதிய விளக்கங்களில் முக்கால்வாசி திட்டமாக இருந்திருக்க வேண்டிய சாக்குகள்.

அன்று மதியமே கொற்கைக்குப் போனேன். ஜீப் ஓட்டியவர் அந்தோணி. தூத்துக்குடிக் கடற்கரையில் திரேஸ்புரத்துக்காரர், தகப்பனார் சங்கு குளித்தவர். வழியில் விஷயத்தைச் சொன்னேன்.

"எங்களுக்குத் தண்ணிப் பஞ்சமே கெடையாது சார்," என்றார் அந்தோணி. "உப்பு மட்டும் கொஞ்சம் கூட. இப்ப வண்டிய நெசமாவே அங்கனதான் உடணுமா?"

குளத்துக் கரையில் கூட்டம் நின்றது. நான் திட்டத்தைச் சொன்னேன். நல்ல தமிழில், படிப்படியாக, கையை ஆட்டி விளக்கினேன். முடித்ததும் வடிவக்கா கேட்டார்.

"அணையில தண்ணி இருக்கு. அத நீங்களே வேண்டாம்னு சொல்லிட்டு வந்திருக்கீய."

"இப்ப வேண்டாம்னுதான் அக்கா. சேத்து வச்சி மொத்தமா வாங்கப் போறோம்."

"எங்க வீட்டுல உள்ளவரும் கல்யாணம் ஆன புதுசுல இப்படித்தான் சொன்னாரு. கம்மல் ஒண்ணா வாங்க வேண்டாம், சேத்து வச்சி மொத்தமா வாங்கித் தாரேன்னு. இன்னும் காதுல ஓட்டதான் கெடக்கு."

தலைவர் பழக்க தோஷத்தில் தலையாட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"மேல உள்ளவன் வழியில மறிச்சான்னா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"அங்க நெல்லு அறுப்புக்கு நிக்கி. மொத்தமா வந்தா அவனே கதவ அடைப்பான்."

"அடைக்கலன்னா?" என்றார் வடிவக்கா.

"நான் பொறுப்பு."

"ஒங்க பொறுப்ப வச்சி நான் என்னத்த அவிச்சித் திங்க?"

வடிவக்கா கொஞ்ச நேரம் வயலைப் பார்த்தார். பிறகு, "இப்ப வாரது நாய் நக்கக் காணாது. அதுக்கு இந்தப் பந்தயமே மேல். அடைங்க. பொய்யாப் போச்சின்னா ஒங்க ஆபீஸ் வாசல்ல வந்து உக்காருவேன், எந்திரிக்க மாட்டேன்," என்றார்.

அடைத்தோம். அணையும் அடைபட்டது, கால்வாயும் அடைபட்டது. ஆறு இளைத்து, மணல் முதுகு தெரிந்தது. பொங்கலன்று யாரும் வரவில்லை. எல்லாவற்றையும் யோசித்துவிட்டோம் என்று நானும் நிம்மதியாக இரண்டாவது முறை பொங்கல் வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் மாட்டுப் பொங்கல்.

காலையில் அலுவலகத்துக்குப் போனால் வாசலில் ஜீப்பை விட இடமில்லை. வளாகம் முழுக்க மாடுகள். கொம்புக்குச் சாயம் பூச டப்பாக்களோடு ஆட்கள். வேப்பமரத்தில் ஒரு காளை, கொடிக்கம்பத்தில் ஒரு பசு, அறிவிப்புப் பலகையில் இரண்டு கன்றுக்குட்டிகள். நடுவில் வடிவக்கா.

"என்னக்கா இது?"

"மாட்டுப் பொங்கலுக்கு மாட்டக் குளிப்பாட்டணும்லா சார். வருசா வருசம் கால்வாயிலதான் குளிப்பாட்டுவோம். அதத்தான் நீங்க அடைச்சிட்டியள. குளத்துலயும் சேறுதான் கெடக்கு. அதான் கூட்டிட்டு வந்தோம்."

நெல், மெஷின், மேல்மடை, குடிநீர் என்று எல்லாம் யோசித்த இரண்டு பொறியாளர்களுக்கும் மாடு நினைவுக்கு வரவில்லை. இந்த ஜில்லாவில் பிறந்து, மாட்டுப் பொங்கலன்று கால்வாயை அடைத்த ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன். என் வீடு நாசரேத்து ஆசிரியர் குடும்பம். எங்கள் வீட்டில் மாடு என்றால் பாடப் புத்தகத்தில் இருப்பது. மேடம் மதுரைப் பக்கம் என்றாலும் டவுனில் வளர்ந்தவர். மன்னிப்புக்கு இவை போதாது.

"அரை நாளு தொறந்து உடுங்க சார்," என்றார் ஒருவர். "மாட்டக் குளிப்பாட்டிட்டு அடைச்சிக்கிடுவோம்."

கூட்டத்தில் எல்லோரும் அதையே சொன்னார்கள். உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர் போனில் வந்து, "நல்ல நாளும் அதுவுமா ஏன் சார் பிடிவாதம்? அரை நாள்தான," என்றார். நியாயமாகத்தான் இருந்தது. நான் இயல்பில் வளைகிற ஆள். நாணலுக்கே பாடம் எடுக்கலாம். அன்று வளைந்திருந்தால் ஒருவரும் என்னைக் குறை சொல்லியிருக்கவும் மாட்டார்கள். ஆனால் காய்ந்த கால்வாயில் அரை நாள் விடுகிற தண்ணீரைக் கால்வாயே குடித்துவிடும்; கொற்கை மாட்டுக்கு வால்கூட நனையாது. தூத்துக்குடிக்கான இருப்பு மட்டும் இறங்கிப்போகும்.

எனக்குப் பிரமுகரைவிட வடிவக்காவிடம்தான் பயம். அவரிடமே சொன்னேன்.

"கால்வாயத் தொறக்க மாட்டேன் அக்கா. அதுல இருக்குறது தூத்துக்குடிக்காரன் குடிக்கிற தண்ணி. ஆபீஸ் மேல ஒரு தொட்டி இருக்கு. அது எனக்குக் கை கழுவ. அத எடுத்துக்கிடுங்க."

அவர் என்னையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "ஓஸு இருக்கா?" என்றார்.

பிறகு நடந்ததை விவரித்தால் துறையின் கண்ணியம் குறையும். சுருக்கமாகச் சொல்கிறேன். அந்தோணி ஜீப் கழுவுகிற குழாயைப் பிடித்தார். நான் கால்சட்டையை மடித்துக்கொண்டு வாளி பிடித்தேன். ஒரு காளை என்னைத் திருப்தியில்லாமல் பார்த்தது.

"பயப்படாதீய சார்," என்றார் அந்தோணி காளைக்கு நேர் எதிர்ப் பக்கத்தில் நின்றுகொண்டு. "எங்கப்பா சுறாவப் பக்கத்துல பாத்தவரு."

"ஒங்கப்பாவ வரச் சொல்லும்," என்றேன்.

"ஏலே, சாருக்கு வைக்கோல் பிரி ஒண்ணு குடுங்கல," என்று வடிவக்கா சத்தம்போட்டார். "தேய்க்கச் சொன்னா மாட்டுக்குத் தடவிக் குடுத்துக்கிட்டு இருக்காவ."

தொட்டி காலியானது. எல்லா மாடும் குளித்தது என்று சொல்ல முடியாது. எல்லா மாட்டுக்கும் முகமாவது நனைந்தது. ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் என் படம் போனது. மாலையில் செயற்பொறியாளர் அழைத்தார்.

"வீடியோ பாத்தேன் சார்."

"தப்பாப் போச்சா மேடம்?"

"கால்வாயத் திறந்தீங்களா?"

"இல்ல மேடம்."

"அப்ப சரிதான். காதுக்குப் பின்னால மட்டும் இன்னும் கொஞ்சம் தேய்ச்சிருக்கலாம்."

விடுமுறை முடிந்தது. மில் திறக்கிற நாள் விடிந்தவுடன் மலையிலிருந்து போன். "எல்லா மெஷினும் ஓடுது சார். கேக்குதா?" என்று போனை எங்கேயோ நீட்டினார். பெரிய இரைச்சல் கேட்டது. என் பணிக்காலத்தில் கேட்ட இனிமையான சங்கீதம் அதுதான் என்று சொன்னால் என் மனைவி ஒப்புக்கொள்ள மாட்டாள். அவள் சாயர்புரத்தில் பாட்டு டீச்சர்.

அடுத்த காத்திருப்பு மேல் அணைக்கட்டுகளுக்கு. தண்ணீர் அங்கே வந்து சேர்கிற நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இங்கேதான் பந்தயம் ஜெயிக்கும் அல்லது தோற்கும். மேல்மடைப் பிரிவில் இருந்த உதவிப் பொறியாளர் கூப்பிட்டார்.

"சார், இங்க விவசாயிங்க எல்லாம் என்னையத் திட்டுதாவ."

"ஏன், தண்ணி பத்தலயா?"

"அறுக்கப் போற நேரத்துல யாருவே இவ்வளவு தண்ணிய விட்டதுன்னு கேக்காவ. அவங்களே ஆள் போட்டு எல்லாக் கதவையும் எறக்கிட்டாவ. நான் என்ன பதில் சொல்ல?"

"எம் பேரச் சொல்லிருங்க. நல்லாத் திட்டச் சொல்லுங்க," என்றேன். அடுத்த அணைக்கட்டிலும் அதே கதை. அதற்கடுத்ததிலும். வழிநெடுக என்னைத் திட்டத் திட்டத் தண்ணீர் கீழே வந்துகொண்டிருந்தது. வசவைக் கேட்டு அவ்வளவு மகிழ்ந்தவன் வேறு இருக்க மாட்டான்.

மறுநாள் காலை அணைக்கட்டில் நல்ல கூட்டம். கொற்கையிலிருந்து டிராக்டரில் வந்திருந்தார்கள். முதலில் நுரை தெரிந்தது. பிறகு பழுப்பாக ஒரு கோடு. அந்தக் கோடு தேக்கத்தில் கலந்ததும் மட்டம் கண்ணுக்கு முன்னாலேயே ஏறியது.

"தொறங்க சார்," என்றார் வடிவக்கா.

"இன்னும் கொஞ்சம் ஏறட்டும். பாதிக் கால்வாய்க்கு விட்டா பாதி வழிதான் போவும்."

"இன்னுமா?"

"இன்னுங் கொஞ்சம் அக்கா."

நல்ல முகூர்த்தத்துக்குக் காத்திருப்பது போல ஒரு கூட்டமே தண்ணீரை வெறித்துக்கொண்டு நின்றது. செயற்பொறியாளரும் வந்திருந்தார். என்னைப் பார்த்தார்; நீங்களே சொல்லுங்கள் என்கிற பார்வை. அளவுகோலில் நான் விரும்பிய கோட்டைத் தண்ணீர் தொட்டதும் கையை உயர்த்தினேன். ஷட்டர்கள் ஏறின. கால்வாய் கரைமுட்ட எடுத்துக்கொண்டது.

தண்ணீரோடு நடந்தோம் என்று சொல்வது தவறு. தண்ணீருக்கு முன்னால் ஓடினோம். கால்வாயில் காய்ந்து கிடந்த அமலை என்கிற ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும் கதவுகளில் அடைத்துக்கொள்ளாமல் வாரிப்போட வேண்டும். ஊர் ஊராக ஆட்கள் இறங்கி வாரினார்கள். பின்னால் தண்ணீர், முன்னால் நாங்கள். கொற்கைக் குளத்து மடையை எட்டியபோது வெயில் சாய்ந்திருந்தது. வெடித்த சேற்றில் முதல் தண்ணீர் நுழைந்தபோது புஸ்ஸென்று ஒரு சத்தம் வந்தது. சூடான தோசைக்கல்லில் தெளித்த மாதிரி. யாரும் கைதட்டவில்லை. வடிவக்கா குனிந்து அதை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். முகத்தைத் துடைத்துவிட்டு என்னிடம், "மாடு மோண்டதவிடக் கூடத்தான் வருது," என்றார். நம் துறையில் நற்சான்றிதழ்கள் பல விதத்தில் வரும்.

இரவும் பகலுமாகக் கால்வாய் ஓடியது. வயல்கள் முறை வைத்து நனைந்தன. நான் வீட்டுக்குப் போய்த் தூங்கினேன், எழுந்தேன், மறுபடி தூங்கினேன். இப்படி ஒரு மதியம் தூங்கிக்கொண்டிருந்தபோது வடிவக்கா போன்.

"சார், கால்வாய அடைங்க."

கரை உடைந்துவிட்டது என்றே நினைத்தேன். எழுந்து சட்டையைத் தேடினேன். "எங்கன உடைஞ்சிட்டு அக்கா?"

"ஒண்ணும் உடையல. வயலு குடிச்சிட்டு. குளத்துல இன்னொரு நனைப்புக்குக் கெடக்கு. கதிர நசுக்கிப் பாத்தேன், பாலு வெள்ளையா வருது. இனியும் வந்தா எங்களுக்குந்தான் பயிரு சாயும். போதும், அடைங்க."

"அக்கா, கடைசில சொன்னத இன்னொரு தடவ சொல்லுங்க."

"எத, அடைங்கன்னா?"

"அதுக்கு முன்னாடி."

"போதும்னேன். ஏன் சார், காது கேக்கலயா?"

காது நன்றாகத்தான் கேட்டது. ஸ்பீக்கரில் போட்டு என் மனைவிக்கும் ஒருமுறை சொல்லவைத்தேன். ஷட்டரை இறக்க ஆள் அனுப்பிவிட்டு மலைக்கு போன் செய்தேன். மிச்சத் தண்ணீர் அணையிலேயே கிடக்கட்டும், கோடையில் ஊர் குடிக்கும்.

"சார், போதும். ஒரு மெஷின் போக மத்தத நிறுத்திருங்க. எங்களுக்கு நெறைஞ்சிட்டு."

மெஷின் இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் உயர்ந்தது.

"யாரு பேசுறது?" என்றார்.

"நான்தான் சார். கடைமடையிலருந்து."

"கடைமடையிலருந்தா போதும்ங்கிறீய?"

"கடைமடையிலருந்துதான்," என்றேன்.